நான்கு முறை திருப்பிய சாவி

இதை என் கணவரிடம்கூட நான் முழுதாகச் சொன்னதில்லை.

எட்டு வயது மகளுக்கு மேல்தாடை குறுகலாக இருந்தது. வளரும்போதே விரித்துவிடலாம் என்று பல் டாக்டர் அண்ணத்தில் ஒரு கருவியைப் பொருத்தினார். தினமும் காலையில் சிறு சாவியால் ஒரே ஒரு முறை அதைத் திருப்பி, துளி விரிப்பது என் வேலை.

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். ஷிப்மென்ட் அவசரத்தில் மூன்று நாள் மறந்துபோனேன். நான்காம் நாள், விட்டதையும் சேர்த்து நான்கு முறை திருப்பினேன்.

"வலிக்குதும்மா" என்று என் கையைப் பிடித்தாள்.

"பொறுத்துக்க கண்ணு" என்றேன்.

மதியத்துக்குள் மூக்குத்தண்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தண்ணீர்கூட இறங்கவில்லை. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"எத்தனை தடவை திருப்புனீங்க?"

"ஒருக்காத்தானுங்க." பயத்தில் பொய் வந்துவிட்டது. மகள் என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

"ஒரு தடவைக்கே இவ்வளவு வலின்னா இவளுக்கு இது ஒத்துக்கலைங்க. கழட்டிடலாம்" என்று டாக்டர் இடுக்கியை எடுத்தார். மகள் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

நான் அவர் கையைத் தடுத்தேன். "இருங்க டாக்டர். நாலு தடவை திருப்பிட்டேனுங்க."

அவர் திட்டவில்லை. சாவியால் பின்பக்கமாகத் திருப்பினார். "விட்ட நாளைச் சேர்த்துத் திருப்பக் கூடாதுங்க. எலும்பு மெதுவாத்தான் நகரும்." சற்று நேரத்தில் அழுகை அடங்கியது.

வண்டியில் திரும்பும்போது என் முதுகில் சாய்ந்தபடி மகள் சொன்னாள்: "டாக்டர் உன்னைய வைவாங்கன்னுதான் நான் பேசலைம்மா."

தாடை இப்போது சரியாகிவிட்டது. அவ்வளவு வலியிலும் எனக்காக அவள் வாய்மூடி இருந்ததுதான் இன்னும் எனக்கு ஆறவில்லை.