கால் கழுவிய சகன்

ஊருக்குத் திரும்பி வந்ததிலிருந்து எனக்கு ஒரு கெட்ட பழக்கம். யார் வீட்டுக்குப் போனாலும் கண் முதலில் குசினிக்குள்தான் போகும். தேத்தண்ணி தருகிறவரின் முகத்தைப் பார்க்கமாட்டேன், அவருக்குப் பின்னால் அடுக்கியிருக்கும் பாத்திரங்களைப் பார்ப்பேன். தொண்ணூறாம் ஆண்டு, முஸ்லிம்கள் எல்லாரும் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று இயக்கம் சொன்ன அன்று, உம்மா சகனில் சோறு போட்டு வைத்திருந்தார். சகன் என்றால் நாங்கள் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய செப்புத் தட்டு. சோற்றோடு அதை விட்டுவிட்டுப் போனோம். அகதியாகப் போன புத்தளத்தில் மௌத்தாகும்வரை உம்மா வீட்டைக் கேட்கவில்லை, சகனைத்தான் கேட்டார்.

அரசர் காலத்து மாளிகையைத் திருத்தி மியூசியமாக்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அங்கே யார் யாருடைய சாமான் கிடக்கிறதோ என்ற சந்தேகத்தில்தான் போனேன். வாள், பல்லக்கு எல்லாம் தாண்டிப் போனால், கடைசி அறையில் கயிற்றுக்கு அப்பால் ஒரு சகன்! பக்கத்தில் எழுதியிருந்தது: ‘அரச குடும்பத்தினர் பாதம் கழுவிய தாம்பாளம்.’

எனக்கு உச்சி கொதித்தது. சாப்பாட்டில் களிம்பு ஏறாமலிருக்க உள்ளே ஈயம் பூசியிருக்கிறது. கால் கழுவுகிற தட்டுக்கு எவனாவது ஈயம் பூசுவானா? கல்யாண வீடுகளுக்கு இரவல் போனால் மாறிப்போகாமல் வர, எங்கள் சகனின் அடியில் உம்மா பிறை வடிவில் ஒரு வெட்டுப் போடுவித்திருந்தார். அதைப் பார்க்கக் குனிந்தேன்.

“அன்ரி, தொடக் கூடாது.”

வாசலிலிருந்தே என் பின்னால் வந்துகொண்டிருந்த காவலாளி.

“ஏன் தம்பி, அபாயாவுக்குள்ளை ஒளிச்சுக்கொண்டு போயிடுவன் எண்டு பயமோ?”

அவன் நெளிந்தான். சகனைச் சாய்த்து வைத்திருந்ததால் அடிப்பக்கம் தெரிந்தது. பிறை இல்லை. வேறு யாரோ ஓர் உம்மாவின் சகன்.

“இது சோறு தின்னுற ஏனம். கால் கழுவுறதெண்டு எந்த விசரன் எழுதினவன்?”

“இல்லை அன்ரி, கால்தான் கழுவுறது. எங்கடை வீட்டிலையும் இதே மாதிரி ஒண்டு கிடக்கு. அக்கான்ரை கலியாணத்திலை மாப்பிள்ளைக்கு அதிலைதான் கால் கழுவினது.”

சகனை விட்டு அவன் பக்கம் திரும்பினேன்.

“அடியிலை பிறை மாதிரி ஒரு வெட்டு இருக்கோ?”

“ஓம். உங்களுக்கெப்பிடி...”

“எங்கை எடுத்தனீங்கள்?”

“சத்தியமா எனக்குத் தெரியாது அன்ரி. நான் பிறக்க முதலே வீட்டிலை இருக்கு. அப்பா வாங்கினதெண்டு அம்மா சொல்லுவா.”

வாங்கினதாம்! கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவன் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்தான்.

“விலாசத்தைத் தாங்கோ. அம்மாவோடை கதைச்சிட்டுக் கொண்டு வாறன்.”

சொன்னேன். கொண்டு வருவான் என்று எனக்கு நம்பிக்கையில்லை. அந்த அம்மா விடமாட்டா. நானென்றாலும் விடமாட்டேன்.

வாசல்வரை போனவள் திரும்பி வந்தேன்.

“தம்பி, கொண்டு வராட்டிலும் பரவாயில்லை. இனி அதிலை கால் மட்டும் கழுவாதையுங்கோ. ஒருக்காலெண்டாலும் எல்லாரும் இருந்து சோறு போட்டுச் சாப்பிடுங்கோ.”