தறி காலியாகட்டும்

பத்திரம் எழுதுவதுதான் என் பிழைப்பு. காஞ்சிபுரத்தில் பாதிப் பேருக்கு உயில் எழுதிய எனக்கு, பட்டு நெய்யும் என் அக்கா வீட்டுக்காரர் கலியாணசுந்தரத்திடம் மட்டும் ஒரு கையெழுத்து வாங்க முடியவில்லை.

"மாமா, வீட்டுக்கு ஒரு உயில். நெசவாளர் சங்கத்துல அக்காவையும் உறுப்பினரா சேர்க்க ஒரு மனு. ரெண்டுலயும் கையெழுத்துப் போடுங்க."

"தறியில பாவு ஓடிக்கினு இருக்குது, இப்போ போய் உயிலா? அபசகுனம்பா! தறி காலியாகட்டும், போடுறேன்."

எங்கே காலியாவது? ஒரு பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், முடிகிற இடத்திலேயே புதுப் பாவை இழை இழையாகப் பிணைத்துவிடுவார் மனுஷன். பதினோரு வருஷம் இதே பதில். கத்திக் கத்தி என் தொண்டை வற்றியதுதான் மிச்சம்.

எழுபத்திரண்டாம் வருஷம் ஆடி மாசம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கை, பேச்சு, நினைவு மூன்றும் போயின. தில்லையம்மாள் அக்கா அவரைவிட நன்றாக நெய்வாள். ஆனால் உறுப்பினர் கையெழுத்தில்லாமல் புதுப் பாவு தர முடியாது என்றுவிட்டது சங்கம். மிச்சமிருந்த பாவை அவளே நெய்து, சேலையைத் தறியிலிருந்து அறுத்து இறக்கினாள்.

நேற்று போனேன். ஆத்திரத்தில் பேனாவை அவர் விரல்களுக்குள் செருகினேன். அது நழுவி, உருண்டு, தறிக்குழிக்குள் விழுந்தது.

தறி காலியாகத்தான் இருந்தது.