அத்தைக்குத் தெரியாத ஆபரேஷன்

என்னை மறுமணம் செய்துகொள்ள என் கணவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: நான் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவள் என்பது அவர் அம்மாவுக்குத் தெரியக்கூடாது. முதல் புருஷன் விட்டுப்போன இரண்டு பெண்கள் இருப்பது தெரியும். அதுகளை எங்கே மறைப்பது?

எர்ணாவூர் குடியிருப்பில் ரகசியம் காப்பது, கருவாட்டை மடியில் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவது மாதிரி. ஆனாலும் காத்தேன். தண்ணி லாரிக்குக் குடத்தோடு நின்றால், "ரெண்டு பெத்தவ, இவனுக்கு மட்டும் பெக்க மாட்டேங்கிறா" என்று என் காதில் விழும்படியே பேசுவார்கள். அத்தை வெள்ளிக்கிழமைதோறும் என்னை இழுத்துக்கொண்டு கிளம்பினார். ராயபுரம் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி, தர்காவில் கயிறு, திருவொற்றியூர் அம்மன் கோயில் மரத்தில் குட்டித் தொட்டில். மூன்று மதமும் ஒன்றுகூடி என் ஒரு ஆபரேஷனோடு மல்லுக்கட்டின.

இதற்கிடையில் நாங்கள் இருவரும் திருட்டுத்தனமாக மாதவரத்தில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தோம். கட்டிய குழாயை மறுபடி ஆபரேஷன் செய்து இணைக்கலாம் என்றார். எவ்வளவு குழாய் மிச்சமிருக்கிறது, என் வயதென்ன என்பதைப் பொறுத்துத்தான் பலன். கரு குழாயிலேயே தங்கிவிடும் ஆபத்தும் உண்டு. இல்லையென்றால் டெஸ்ட் டியூப் முறை. அதற்குக் குழாயே வேண்டாம், பணம்தான் வேண்டும். "எதுவானாலும் முதல்ல உங்க வீட்டுக்காரருக்கு டெஸ்ட் எடுக்கணும்."

துறைமுகத்தில் கன்டெய்னர் லாரியை ஒற்றைக் கையால் திருப்புகிற மனுஷனுக்கு முகம் வெளிறிவிட்டது. "எனுக்கு இன்னா கொறச்சல்?" என்று எழுந்து வந்துவிட்டார். அதோடு பேச்சு நின்றது.

எனக்கோ அவர் பிள்ளை ஒன்றைச் சுமக்கவேண்டும் என்று நிஜமாகவே ஆசை. அடுத்த வெள்ளி, தொட்டில் கட்டும்போது அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "அத்த, நான் ஆபரேஷன் பண்ணவ" என்று சொல்லிவிட்டேன். அன்றோடு வீட்டைவிட்டுத் துரத்திவிடுவார் என்றே நினைத்தேன்.

அத்தை கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டார். "தெரியும். நம்ம ஜனத்துல ரெண்டு பெத்துட்டு எவ ஆபரேஷன் பண்ணாம கீறா?"

"அப்ப எதுக்கு அத்த இதெல்லாம்?"

"கோயிலுக்கு வந்தா பழிய சாமி மேல போடுவாளுங்க. வரலன்னா உன் மேல போடுவாளுங்க. சாமி தாங்கும்." கையைத் தட்டிக்கொண்டார். "டாக்டராண்ட போனீங்களே, இன்னா சொன்னாங்க?"

சொன்னேன்.

மறுநாள் மாதவரம் பஸ்ஸில் அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்தார், நான் இந்தப் பக்கம். நடுவில் என் கணவர், தடுப்பூசிக்குப் போகிற பிள்ளை மாதிரி.