குறட்டை இளவரசியின் இரண்டு பக்கங்கள்

தண்ணீர் பாட்டில் சாய்ந்தபோது பகல் பன்னிரண்டே கால். மூடியைச் சரியாகத் திருகாதது அவள் தவறுதான். கையெழுத்துப் பிரதியை மேசையின் இடது பக்கம் வைக்காமல் பாட்டிலுக்கு அடியிலேயே வைத்ததும் அவள் தவறுதான். பதறி எடுப்பதற்குள் மேலே இருந்த இரண்டு தாள்களும் நனைந்துவிட்டன. அதை எழுதித் தந்த பெரியவர் மைப் பேனாதான் பிடிப்பார். எழுத்தெல்லாம் கலங்கி நீலக் குளமாகிவிட்டது.

அச்சகத்தில் எல்லாரும் அவளை "டைப் அக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட இருபது வயது மூத்த முதலாளிக்கும் அவள் டைப் அக்காதான். பள்ளிப் படிப்பு முடித்ததும் கணினியில் தட்டச்சு பழகி, கல்யாணமாகி, குழந்தை பிறந்த பிறகு இங்கே வந்து சேர்ந்தவள். பின்னறையில் ஜன்னல் இல்லாத மூலையில் அவள் இடம். சுவருக்கு அந்தப்புறம் இயந்திரம் ஓடும்போது மேசையில் வைத்த பேனா தானாக நகரும். எட்டு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்கு முன்னால் அதே நாற்காலியில் இருந்தவர் ஒரு கல்யாணப் பத்திரிகையில் மணமகள் பெயரும் மாமியார் பெயரும் இடம் மாறும்படி அடித்துவிட்டார். ஐந்நூறு பத்திரிகை ஊர் பூராவும் போன பிறகுதான் தெரிந்தது. அன்று சாயங்காலமே முதலாளி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இந்தக் கதையை முதலாளி மாதம் ஒரு முறையாவது சிரித்துக்கொண்டே சொல்வார். அவளுக்குச் சிரிப்பு வராது.

நனைந்த தாள்களை மின்விசிறிக்கு அடியில் பிடித்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "கதவு" என்று ஓர் இடத்தில் தெரிந்தது. கீழே "ஏழு நாள்". இன்னொரு மூலையில் "ஐயோ". அவ்வளவுதான்.

பெரியவர் குழந்தைகளுக்குக் கதை எழுதுகிறவர். நாற்பது வருஷமாக எழுதுகிறார். ஒரு ஒற்று விட்டுப்போனால்கூட, "ஏம்மா, அந்த 'க்' உன்னை என்ன பண்ணுச்சு?" என்று கேட்பார். இந்தப் புத்தகத்தில் ஒரு இளவரசியைப் பூதம் தூக்கிக்கொண்டு போய் ஏழு மாடிக் கோபுரத்தில் அடைத்து வைக்கிறது. இளவரசன் வருகிறான், மீட்கிறான். முப்பத்திரண்டு பக்கம். மறுநாள் காலையில் அச்சுக்குப் போக வேண்டும். பத்து நாளில் ஒரு பள்ளியில் வெளியீடு.

பெரியவருக்கு இரண்டு நாளைக்கு முன்னால்தான் கண் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. இருந்தாலும் அவர் வீட்டுக்குப் போன் போட்டாள். மகன் எடுத்தார்.

"அப்பா கண்ணுல கட்டோட படுத்திருக்காரு. என்ன விஷயம்?"

சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு, "ஒண்ணுமில்ல சார், ஐயா எப்படி இருக்காருன்னு கேக்கலாம்னுதான்" என்றாள்.

"நல்லா இருக்காரு. நீங்களே எல்லாத்தையும் பாத்துக்குவீங்கன்னு சொல்லிட்டே இருந்தாரு."

போனை வைத்தபோது அவளுக்குக் காது சுட்டது.

முதலாளி சாப்பிடக் கிளம்பும்போது எட்டிப் பார்த்தார். "டைப் அக்கா, பெரியவர் புக்கு முடிஞ்சுதா?"

"ரெண்டு பக்கம்தான் பாக்கி."

"ரெண்டு பக்கம் என்ன பெரிய விஷயம்! சாப்பிட்டு வர்றதுக்குள்ள முடிச்சிடு."

பதினாறாம் பக்கத்தில் பூதம் கதவைப் பூட்டுகிறது. பத்தொன்பதாம் பக்கம் இப்படித் தொடங்கியது: "கதவு திறந்தது. பூதம் தரையில் விழுந்து கிடந்தது. இளவரசி கண்ணீரோடு நின்றாள்." நடுவில் பதினேழும் பதினெட்டும். அந்த இரண்டுக்கும் படம் கிடையாது; அதனால்தான் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தாள். இப்போது அது ஒன்றுதான் ஆறுதல். பூதம் ஏன் விழுந்தது? இளவரசி ஏன் அழுகிறாள்? அதற்கு மட்டும் காரணம் சொல்லிவிட்டால் போதும் என்று நினைத்தாள்.

காலையில் தலை பின்னிவிடும்போது எட்டு வயது மகளுக்கு அவள் கதை சொல்வதுண்டு. மகள் ஒருநாள், "அம்மா, இந்த இளவரசிங்களுக்கு வேற வேலையே இல்லையா? எப்பப் பாரு அழுதுட்டே இருக்காங்க" என்று கேட்டிருந்தாள். அன்றிலிருந்து அவள் சொல்லும் இளவரசிகள் கொஞ்சம் வேறு மாதிரி ஆகிவிட்டார்கள். மரம் ஏறுவார்கள், கிரீடத்தில் தண்ணீர் மொண்டு குடிப்பார்கள். இப்போது பெரியவர் மாதிரி எழுத நினைத்துத்தான் விசைப்பலகையில் கை வைத்தாள். கை வேறு பக்கம் போய்விட்டது.

"'எனக்குச் சமைத்துப் போடு, இல்லாவிட்டால் உன்னைத் தின்றுவிடுவேன்' என்றது பூதம். 'சரி, இது என்ன?' என்றாள் இளவரசி. 'வெங்காயம்.' 'உரித்தால் உள்ளே என்ன இருக்கும்?' 'வெங்காயம்தான்.' 'அதையும் உரித்தால்?' பூதம் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தது."

இரவில் இளவரசி தூங்கினாள், குறட்டை விட்டாள். கோபுரத்தின் ஓடுகள் கழன்று விழுந்தன. அரண்மனையில் அதை அவளிடம் யாரும் சொன்னதில்லை. இளவரசியிடம் போய் யார் சொல்வது? பூதம் காதில் பஞ்சு வைத்தது. தலையணை வைத்தது. கீழ்மாடிக்குப் போய்ப் படுத்துப் பார்த்தது. ஏழு நாள் பொட்டுத் தூக்கம் இல்லை. எட்டாம் நாள் காலை, இளவரசி கண்ணில் நீர் வழிய வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, பூதம் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தது.

முதலாளி திரும்பி வந்தபோது இரண்டு பக்கமும் முடிந்திருந்தன. அவர் பக்க எண்களை மட்டும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

அதன் பிறகு வந்த பத்து நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் கணவரிடம் மட்டும் சொன்னாள். "இப்பவே போய் முதலாளிகிட்ட சொல்லிடு" என்றார் அவர். மறுநாள் முதலாளியின் அறை வாசல் வரைக்கும் போனாள். உள்ளே அவர் யாரோ வாடிக்கையாளரிடம் மாமியார் பெயர் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டாள். இதற்குள் ஆயிரம் பிரதியும் அச்சாகி பைண்டிங்குக்குப் போய்விட்டன.

வெளியீட்டு நாள் காலையில் முதலாளி அவளிடம், "புத்தக மேசையில நீ நில்லு. ஆள் இல்ல" என்றார். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? வேனில் பெரியவர் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார், புதுக் கண்ணாடியோடு. மடியில் பைண்டிங்கிலிருந்து நேராக வந்த புத்தகம். திறக்கவில்லை, அட்டையைத் தடவிக்கொண்டே வந்தார்.

"ஐயா..." என்றாள் அவள் பின்னாலிருந்து.

"என்னம்மா?"

"ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லு."

வேன் ஒரு குழியில் இறங்கி ஏறியது. புத்தகக் கட்டுகள் சரிந்தன. முதலாளி, "பிடி, பிடி, டைப் அக்கா!" என்று கத்தினார். பிடித்து அடுக்கி முடிப்பதற்குள் பள்ளி வாசல் வந்துவிட்டது.

கூடத்தில் இருநூறு குழந்தைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தலைமை ஆசிரியை பேசினார், முதலாளி பேசினார். பெரியவர் எழுந்து, "நான் பேசப் போறதில்ல. கதையப் படிக்கப் போறேன்" என்று புத்தகத்தைப் பிரித்தார்.

அவள் கதவோரம் மேசைக்குப் பின்னால் நின்றாள். ஒவ்வொரு பக்கமாக அவர் புரட்டுவதை எண்ணினாள். ஒன்பது. பதினொன்று. பிள்ளைகள் சத்தமில்லாமல் கேட்டார்கள்; இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். பதினான்கு. ஓடிவிடலாமா என்று கதவைப் பார்த்தாள். கதவில் சாய்ந்துகொண்டு நின்றார் முதலாளி.

பதினாறு. பூதம் கதவைப் பூட்டியது. பெரியவர் அடுத்த பக்கத்துக்கு வந்தார்.

"'எனக்குச் சமைத்துப் போடு, இல்லாவிட்டால் உன்னைத் தின்றுவிடுவேன்' என்றது பூதம். 'சரி, இது என்ன?' என்றாள்..."

நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். மறுபடி பார்த்தார். புத்தகத்தை மூடி அட்டையில் தன் பெயர்தான் இருக்கிறதா என்று பார்த்தார். முதலாளி, "என்ன ஆச்சு?" என்று அவளைப் பார்த்துச் சைகை செய்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

முன்வரிசையில் ஒரு பெண் குழந்தை, "அது என்னதுன்னு பூதம் சொல்லிச்சா தாத்தா?" என்று கேட்டது.

பெரியவர் தண்ணீர் குடித்தார். "வெங்காயம்" என்று படித்தார்.

உணர்ச்சியே இல்லாத குரலில், யாரோ எழுதிய கடிதத்தைப் படிப்பதுபோல் படித்துக்கொண்டு போனார். அந்தக் குரலே பிள்ளைகளுக்கு இன்னும் வேடிக்கையாகிவிட்டது. "அதையும் உரித்தால்?" என்றபோது கூடம் குலுங்கியது. குறட்டை வந்ததும் கடைசி வரிசையில் ஒருவன் குறட்டை விட்டுக் காட்டினான். உடனே இருநூறு குறட்டை. ஆசிரியைகள் எழுந்து, "உஷ், உஷ்" என்றார்கள். அவர்களும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

பத்தொன்பதாம் பக்கம் அவருடைய சொந்த எழுத்து. "இளவரசி கண்ணீரோடு நின்றாள். 'வந்துவிட்டீர்களா! உங்களைத்தான் இத்தனை நாளும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்' என்றாள்." அவர் உருகி எழுதிய வரி. பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர் முகம் சிவந்ததை அவள் தூரத்திலிருந்தே பார்த்தாள்.

எப்படியோ கடைசி வரை படித்து முடித்தார். முன்வரிசைக் குழந்தை விடவில்லை. "தாத்தா, அவ குறட்டை விடுவான்னு இளவரசனுக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியாதும்மா" என்றார் பெரியவர். "எழுதினவங்களத்தான் கேக்கணும்."

தாத்தா வேடிக்கை பண்ணுகிறார் என்று பிள்ளைகள் அதற்கும் சிரித்தார்கள். அவர் கண் நேராகக் கதவோரத்துக்கு வந்தது.

பிள்ளைகள் வகுப்புக்குப் போன பிறகு, வராந்தாவில் கைகழுவும் குழாய்க்குப் பக்கத்தில் அவர் நின்றார். அவள் தானாகவே போனாள்.

"என் பக்கம் ரெண்டும் எங்க?"

"தண்ணி கொட்டிட்டேன் ஐயா."

"என்னைக் கேட்டிருக்கலாமே?"

"உங்க கண்ணுல கட்டுப் போட்டிருக்குன்னு..."

"கண்ணுலதானே கட்டு? காதுல இல்லையே. வாயில இல்லையே. படுத்தபடியே சொல்லியிருப்பேனே!"

"பயந்துட்டேன்" என்றாள்.

"நாப்பது வருஷமா பிள்ளைங்களுக்குப் படிச்சுக் காட்டறேன். ஒரு தடவைகூட அப்படிச் சிரிச்சதில்ல." குழாயைத் திறந்து மூடினார். "அதனால எனக்குச் சந்தோஷம்னு நினைச்சுக்காத. என் வரிக்குச் சிரிச்சாங்க பாரு, அது எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

அது அவளுக்கு அதுவரை தோன்றவே இல்லை. மாட்டிக்கொள்வோமே என்றுதான் பத்து நாளும் பயந்தாள். அவர் மனசு எப்படி இருக்கும் என்று ஒரு நிமிஷம்கூட நினைத்துப் பார்க்கவில்லை. கண் நிறைந்துவிட்டது. "மன்னிச்சிடுங்க ஐயா" என்றாள். அவர் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "முதலாளிகிட்ட நீயே சொல்லு" என்றார்.

வேன் பக்கத்தில் நின்று சொன்னாள். முதலாளி பள்ளிக்கூடம் என்றும் பார்க்காமல் கத்தினார். "எட்டு வருஷம்! எட்டு வருஷமா உன்னை நம்பினேன். நாளையிலிருந்து வராத!"

"இருங்க" என்றார் பெரியவர். "அவங்க இருக்கறதும் போறதும் உங்க பாடு. ஆயிரம் பிரதிலயும் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டணும். அதை இவங்கதான் அடிக்கணும், இவங்கதான் ஒட்டணும். எனக்கு அது போதும்."

அச்சகத்துக்குத் திரும்பினார்கள். அவள் கணினி முன் உட்கார்ந்தாள். அவர் பின்னால் நின்று சொன்னார். "இந்நூலின் 17, 18 ஆகிய பக்கங்களை எழுதியவர் நான் அல்லேன். எழுதியவர்..." நிறுத்தினார். "உன் பேரு என்னம்மா?"

இத்தனை வருஷத்தில் அவர் கேட்டதில்லை. சொன்னாள். அடிக்கும்போது தன் பெயரிலேயே ஒரு எழுத்தைத் தப்பாக அடித்தாள். அவர் குனிந்து பார்த்துத் திருத்தச் சொன்னார்.

நாலு நாள், பைண்டிங் பெஞ்சில் உட்கார்ந்து ஆயிரம் சீட்டையும் பசை தடவி ஒட்டினாள். முதலாளி அவளோடு பேசவில்லை. ஐந்தாம் நாள், ஒரு விளம்பர நோட்டீஸைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "அவசரம்" என்றார். வேலை போகவில்லை என்பது அதிலிருந்துதான் தெரிந்தது. பெரியவர் ஒரு வருஷம் அந்த அச்சகத்துப் பக்கமே வரவில்லை.

பிறகு இரண்டாம் பதிப்புக்கு வந்தார். அந்த இரண்டு பக்கத்தையும் ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதியிருந்தார். அவளே அடித்தாள், ஒரு காற்புள்ளிகூட மாற்றாமல். அதில் இளவரசி ஏழு நாளும் அழுகிறாள். ஆனால் ஜன்னல் வழியாக அவள் பார்க்கும் வானத்தைப் பற்றி ஒரு வரி இருந்தது. தன்னால் அப்படி ஒரு வரி எழுதவே முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. சொன்னாள். "ம்" என்றார் அவர்.

சில பள்ளிகள் முதல் பதிப்பைக் கேட்டுப் போன் செய்தன. இல்லை என்று சொல்ல வேண்டியதும் அவள்தான்.

அதற்குப் பிறகு அவள் தன் பெயரில் இரண்டு சிறு புத்தகங்கள் எழுதினாள். ஒன்றில் இளவரசிக்குக் குதிரை என்றால் பயம். எருமையில் ஏறிப் போருக்குப் போவாள். இரண்டும் சுமாராகத்தான் போயின. இன்னும் அதே அச்சகத்தில்தான் வேலை. எப்போதாவது ஒரு பள்ளியில் கதை படிக்கக் கூப்பிடுவார்கள். போவாள். உட்கார்ந்துதான் படிப்பாள். குழந்தைகள் சிரிக்கத் தொடங்கும் வரை நிமிர்ந்து பார்க்க மாட்டாள்.