சீசாவில் வளரும் கட்டி

என் தம்பி ரெமிஜியஸ் துபாயில் வெல்டராக இருந்தவன். கீழ்த்தாடையில் கட்டியோடுதான் மாயவரத்துக்குத் திரும்பி வந்தான். தாடையை அறுத்து எடுத்துவிட்டு, கால் எலும்பில் ஒரு துண்டை வெட்டிப் புதுத் தாடை செய்யலாம் என்று சென்னை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள், டாக்டரம்மா ஒன்று கேட்டார். அறுக்கும் கட்டியில் ஒரு துணுக்கைச் சீசாவில் போட்டு ஆராய்ச்சிக்காக வளர்க்கலாமா?

"வேண்டாம்மா. அது அங்க உயிரோட இருந்தா, இவன் வாயில மறுபடி வந்துடும். எரிச்சிடுங்க" என்றேன்.

"அப்படி வராதுங்கம்மா. புது மருந்தை மனுஷங்களுக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி, அது மேல ஊத்திப் பார்ப்போம்."

ரெமிஜியஸ் எழுந்து உட்கார்ந்தான். "எல்லா மருந்தையுமா?"

"கிடைக்கிற எல்லாத்தையும்."

"அப்ப வளர்த்துக்குங்க. என்னைப் படுத்தின பாட்டை அதுவும் படட்டும்."

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சுடா" என்றேன். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன்.

புதுத் தாடையோடு குழைந்த சோறு சாப்பிடுகிறான். பேச்சு கொஞ்சம் குழறும். செக்கப்புக்குப் போனால், வாயைக் காட்டுவதற்கு முன்பே கேட்பான்: "அவன் செத்தானா டாக்டர்?"

"இன்னும் இல்லைங்க."

"விடாதீங்க, ஊத்துங்க" என்பான். அப்புறம்தான் வாயைத் திறப்பான்.