விரிசல் எதுவரை

கஞ்சிக்கோட்டில் இருந்த அந்தப் பட்டறையின் மெக்கானிக், எங்கள் காரின் ஹெட்டைக் காலால் நகர்த்தி என் பக்கம் தள்ளினார். எஞ்சினுக்கு மேல்மூடியாக இருக்கும் கனத்த இரும்பு அது.

"விரிசல் உட்டுருச்சுங்க அம்மிணி. இனி ஆகாது. எங்கிட்ட வேற ஒரு பழைய ஹெட் இருக்குது, அதைப் போட்டுத் தாரேன். இது இங்கயே கெடக்கட்டும்."

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. எலப்புள்ளியில் என் வீட்டுக்காரர் வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்த பழைய கார் அது. எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் கொதித்துக் கொதித்து வண்டி நின்றுபோனதால் பட்டறையில் விட்டுவிட்டு வந்தார். மறுநாளே வயல் வரப்பில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். தொடை வரை மாவுக்கட்டு. அதனால் நான் போக வேண்டியதாயிற்று. பட்டறைக்குள் நான் கால் வைத்தது அன்றுதான் முதல்முறை. உள்ளே இருந்த நாலு பேரும் வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள்.

ஹெட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வேண்டாத பொருளை யாரும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது தெரியும்.

"ஆகாததை வெச்சு நீங்க என்னங்க பண்ணப் போறீங்க?"

கையில் இருந்த ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டே, "சும்மா ஒரு மூலைல கெடக்கும்" என்றார்.

"எங்க ஊட்லயும் மூலை இருக்குதுங்க. சாக்கு ஒண்ணு குடுங்க."

அதில் இருந்த வால்வுகளையும் கழற்றித் தரச் சொல்லி, தனியே ஒரு துணியில் கட்டி வாங்கிக்கொண்டேன். சாக்கை இடுப்பில் தூக்கி வைத்தபோது முதுகெலும்பு நொறுங்கியது போல இருந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் மலையாளத்தில் முணுமுணுத்தார். நான் சாக்கின் மேலேயே காலை வைத்து உட்கார்ந்துகொண்டேன்.

வீட்டுக்காரர் கட்டிலில் படுத்தபடியே தலையில் அடித்துக்கொண்டார். "அவஞ் சொன்னா சரியாத்தான் இருக்கும். இதை எதுக்குப் புள்ள சுமந்துட்டு வந்தே?"

"அவருக்கு வேணும்னா நமக்கும் வேணுமுங்க. விரிசலை எப்படிப் பாக்கறதுன்னு மட்டும் சொல்லுங்க."

அவர் கட்டிலில் இருந்தபடி சொல்லச் சொல்ல, அவர் கண்ணில் படும்படி வாசலில் உட்கார்ந்து செய்தேன். தேங்காய் நாரால் கரியைத் தேய்த்து எடுத்தேன். சீமெண்ணெயைத் தடவி ஊறவிட்டு, மேலே ஒரு துளி ஈரம் இல்லாமல் துடைத்தேன். சாக்பீஸைப் பொடித்து அதன் மேல் தூவினேன். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து வெள்ளைப்பொடியில் கோடு விழும்.

கோடு விழுந்தது. ஹெட்டின் அடிப்பக்கத்தில் இருந்த நாலு குழிகளில் இரண்டாவதில், இரண்டு வால்வுத் துளைகளுக்கும் நடுவே, மயிர்போல ஒன்று.

"பாத்தியா, நான் அப்பவே சொல்லல?" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் இன்னும் குனிந்து பார்த்தேன். கோடு ஒரு துளையில் தொடங்கி அடுத்த துளைக்குப் போவதற்குள் நின்றுவிட்டிருந்தது. "இது பாதியிலயே நின்னுருக்குதுங்க. இரும்புக்குள்ள தண்ணி போற வழி வரைக்கும் போனாத்தானே கெட்டது?"

அவர் திரும்பி அந்தக் கோட்டைப் பார்த்தார். "வெந்நி வை" என்றார்.

ஹெட்டைக் கவிழ்த்துப் போட்டு, தண்ணீர் வெளியேறும் பெரிய துளையில் சைக்கிள் டியூப் சுற்றிய மரக்கட்டையை அடித்து இறுக்கினேன். சின்னத் துளைகள் வழியே கொதிக்கக் கொதிக்க வெந்நீரை விளிம்பு வரை ஊற்றினேன். இரும்பு சூடாகி விரிந்தால் விரிசலும் வாயைத் திறக்கும், அது தண்ணீர் வழி வரை போயிருந்தால் குழியில் நீர் துளிர்க்கும் என்றார். காலையில் ஊற்றியது. ஆறினால் மறுபடி சுடவைத்து ஊற்றி, சோறு ஆக்காமல் உச்சிவேளை வரை அதன் பக்கத்திலேயே இருந்தேன். நாலு குழிகளும் காய்ந்தே கிடந்தன.

வால்வுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஒன்றின் ஓரம் தீய்ந்து பல் உடைந்த மாதிரி இருந்தது. அதை நானே எடுத்து வேலிக்கு அந்தப்பக்கம் வீசினேன்.

அடுத்த வாரம் அதே சாக்கோடு அதே பட்டறைக்குப் போனேன். "இதையே போடுங்க. வால்வு ஒண்ணும், ஹெட்டுக்கு அடியில வெக்கற கேஸ்கட்டும் மட்டும் புதுசு."

"வழியில நின்னா நான் பொறுப்பில்லீங்க."

"பொறுப்பு என்னுதுங்க. நீங்க போட்டுக் குடுங்க."

வீட்டுக்காரரின் கால் சரியான பிறகு கிடைத்த முதல் நெடுந்தூர வாடகை மாட்டுப்பட்டிக்கு. மலைப்பாதை. வண்டி கிளம்பியதும் எனக்கு வேலையே ஓடவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் வந்து இறங்கினார். முகம் கழுவினார், தண்ணீர் குடித்தார். "ஏறிருச்சு" என்றார். அது எனக்குப் போதும்.

இரண்டு வருஷத்துக்கு மேல் அந்த ஹெட் ஓடியது. பிறகு மறுபடி கொதிக்கத் தொடங்கியது. கழற்றி வெந்நீர் ஊற்றினோம். இரண்டாவது குழியில் மெல்ல ஒரு சொட்டு கூடியது. அவருக்கு மனசு வரவில்லை. விரிசலைப் பற்றவைத்துப் பார்க்கலாம், இன்னும் ஆறு மாதம் ஓட்டலாம் என்றார். நான் கேட்கவில்லை. வேறு ஹெட் ஒன்று பார்க்கப் பாலக்காட்டுக்குப் போனோம். அவர் பழைய சாமான் கடை வாசலில் பீடி பற்றவைத்துக்கொண்டு நின்றார். உள்ளே நான்தான் போனேன்.