முந்தானையில் பட்ட மஞ்சள்

எங்கள் தெருவில் எனக்குப் பேர் கெமிக்கல்காரர். மொட்டை மாடியில் இரண்டு நீல டிரம் வைத்து பினாயிலும் பாத்திரம் கழுவுகிற திரவமும் கலக்கி விற்கிறேன். நான் படித்ததெல்லாம் டிரம்மில் ஒட்டியிருந்த லேபிள், அப்புறம் செல்போன் வீடியோ.

இந்தத் தொழிலில் நான் கண்டது, பெரிய காஞ்சிபுரத்தில் யாரும் சுத்தத்தைக் காசு கொடுத்து வாங்குவதில்லை. வாசனையை வாங்குகிறார்கள், நுரையை வாங்குகிறார்கள். நுரை குறைவாக வருகிற சரக்கு பிசுக்கை நன்றாகவே எடுக்கும். ஆனால், “நுரையே வரலியேபா, என்னாத்த தேய்க்கிறது?” என்று பாட்டில் திரும்பி வந்துவிடும். திரவம் தண்ணியாக இருந்தால் ஏமாற்றுக்காரன். கொஞ்சம் உப்பைப் போட்டால் கெட்டிப்படும், நாணயஸ்தன் ஆகிவிடுவேன். முக்கு டீக்கடைக்காரர் மட்டும் உண்மையைச் சொன்னார்: “உன் பினாயில ஊத்தினா ஈ போவுதோ இல்லியோ, டீ குடிக்கிறவன் எழுந்து போயிடறான்.”

இப்படிப்பட்ட என்னிடம்தான் போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில், இரண்டு வீடு தள்ளித் தறி போட்டிருக்கிற தங்கச்சி ஒரு புடவையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உடன்பிறந்தவள் இல்லை, கூப்பிட்டுப் பழகியதில் தங்கச்சி. அவள் புருஷன் பின்னால் நின்றான்.

அந்தப் புடவையின் கதை தெருவுக்கே தெரியும். அதுவரை ஒரு கடை முதலாளி கொடுக்கிற பாவு நூலை வாங்கி நெய்து கொடுத்துக்கொண்டிருந்தவள், ஒருநாள் கடை நிறைய ஆள் இருக்கும்போது, “இனிமே உங்க பாவு எனக்கு வேணாங்க” என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். அவள் வீடு வந்து சேர்வதற்குள் அந்தப் பேச்சு வந்து சேர்ந்துவிட்டது. அப்புறம் செல்போனில் படம் அனுப்பி, கோயம்புத்தூர் அம்மா ஒருவரிடம் நேராகவே ஆர்டர் பிடித்தாள். அவங்க மகள் கல்யாணத்துக்குச் சந்தன வெள்ளையில் ஒரு பட்டு. ஞாயிற்றுக்கிழமை வாங்க வருகிறார்கள். அவங்க வேண்டாம் என்றுவிட்டால் அதே முதலாளி வாசலில் போய் நிற்க வேண்டும். முதலாளியும் அதற்காகத்தான் காத்திருந்தார் என்று பேச்சு.

“அண்ணா, தறியிலேருந்து புடவைய அறுத்து வச்சிட்டு, தறிக்கு மஞ்சள் வச்ச கைய அப்படியே முந்தானையில வச்சிட்டேன்” என்றாள்.

பார்த்தேன். ரூபாய்க்காசு அளவு கறை. ஆனால் நல்ல சிவப்பு.

“மஞ்சள்னு சொல்ற, சேப்பா இருக்குதே?”

“நான் சரி பண்ணலாம்னுதான்...” என்று புருஷன் ஆரம்பித்தான்.

“நீ சரி பண்ணித்தான் சேப்பாச்சு. பேசாத.”

அவன் பேரில் தப்பில்லை. கச்சாப் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்தால்தான் பசை போய் மினுமினுப்பு வரும். அதனால் எங்கள் ஊரில் பட்டுக்குச் சோப்பும் சோடாவும் தாய்ப்பால் மாதிரி. அந்த நம்பிக்கையில் தேய்த்துவிட்டான். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்று ஆரத்தி கரைக்கிற எல்லா வீட்டுக்கும் தெரியும். சோடா பட்டாலும் அதேதான். அவன் முந்தானைக்கு ஆரத்தி எடுத்திருக்கிறான், அவ்வளவுதான்.

என் அலமாரியில் பிளீச் இருந்தது. அதைப் பட்டில் ஊற்றினால் கறையும் போகும், கறை இருந்த இடமும் போகும். அதை விட்டுவிட்டு, பச்சைத்தண்ணீரில் பஞ்சு நனைத்துச் சோப்பை ஒற்றி எடுத்தேன். அப்புறம் தண்ணீரில் சில சொட்டு வினிகர் விட்டு ஒற்றினேன். சிவப்பு அப்படியே மஞ்சளானது.

“ஆ! பழையபடி ஆயிடுச்சு!” என்று புருஷன் கை தட்டினான்.

“ஆமா, கறை பழையபடி ஆயிடுச்சு” என்றாள் அவள்.

மீதிக்கு எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். அதைச் சொல்லவே தயக்கமாக இருந்தது. மஞ்சள் வெயிலில் நிற்காது.

“வெயிலா?” என்றாள். “சாயம் போட்ட பட்ட நெழல்லதானே காயப் போடுவோம். எவனாவது வெயில்ல போடுவானா? கெமிக்கல்காரர்னு வந்தா...”

ஆனாலும் வேறு வழி இல்லை. ஒரு அட்டையில் கறை அளவுக்கு ஓட்டை வெட்டி, அது மட்டும் தெரிகிற மாதிரி முந்தானை மேல் வைத்தோம். மற்றதையெல்லாம் கறுப்புத் துணியால் சுற்றினோம். பக்கத்து மாடியில் வடகம் காயப்போட வந்த அம்மா எட்டிப் பார்த்து, “என்னபா, புடவைக்கு ஆபரேஷனா? பொழச்சிக்குமா?” என்றார். சுற்றியது போதாது என்று தங்கச்சி புடவைக்குக் குடையும் பிடித்தாள். அவள் மட்டும் வெயிலில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் என் டிரம்களும் பாட்டில்களும், ஒன்றுக்கும் வேலை இல்லாமல்.

மறுநாள் மதியம் அட்டையை எடுத்தபோது கறை இல்லை. ஈரம் பட்ட இடத்தில் மெல்லிய வளையம் ஒன்று நின்றது. அதை அவளே மேலே துணி போட்டு இஸ்திரி வைத்து எடுத்துவிட்டாள்.

“இதுக்கு என்னா பாட்டிலுன்னு சொல்லுண்ணா, ஒன்னு வாங்கிக்கிறேன்.”

“அத நான் தயாரிக்கல, தாயி.”

ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர் அம்மா காமாட்சியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு நேராக வந்தார்கள். துணைக்கு இருக்கட்டும் என்று தங்கச்சி என்னையும் உட்கார வைத்திருந்தாள். வந்தவங்க முந்தானையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிரித்தார்கள். புரட்டினார்கள். அந்த இடத்தின் மேலேயே கையை வைத்துத் தடவினார்கள்.

“ரொம்ப நல்லாருக்கும்மா” என்று உட்கார்ந்தார்கள். “கொஞ்சம் மஞ்சள் கொண்டாங்க. புதுப் புடவைக்கு வைக்கணுமே.”

“மஞ்சள் தீந்துபோச்சுங்க” என்றான் புருஷன், கேட்ட வேகத்துக்கு.

தறி ஓடுகிற வீட்டில் மஞ்சள் இல்லை என்று அவன் சொன்னதை அவங்க நம்பியிருக்க மாட்டார்கள். “பரவால்ல, எங்கிட்ட இருக்குதுங்க” என்று கைப்பையிலிருந்து கோயில் வாசலில் வாங்கின பொட்டலத்தைப் பிரித்து, சொம்புத் தண்ணீரில் கட்டைவிரலை நனைத்து, முந்தானை மூலையில் அழுத்தி வைத்தார்கள். நன்றாக, பெரிதாக. “இப்பத்தான் எங்க வீட்டுப் புடவை.”

புருஷன் எழுந்து உள்ளே போய்விட்டான். நான் விட்டத்தைப் பார்த்தேன். தங்கச்சி மட்டும் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை.

“என் தங்கச்சி மகளுக்குத் தை மாசம் கல்யாணம். இதே கலர்ல இன்னொன்னு நெய்து தருவீங்களா?”

“தரேம்மா” என்றாள்.

அவங்க கார் திரும்பினதும் புருஷன் வெளியே வந்தான். “அரக்கு, பச்சைன்னு எதனா சொல்லக் கூடாது? மறுபடியும் வெள்ளையா? ஒரு முதலாளிய விட்டுட்டு இன்னொரு முதலாளிய புடிச்சிருக்குற.”

“யோவ்,” என்றாள் அவள், “முதலாளி எதிர்ல நின்னுக்கினுதான் பேசுவேன். இவங்க எதிர்ல உக்காந்துக்கினு பேசினேன். பாத்தியா?”

அவன் பார்த்தானோ என்னவோ, நான் பார்த்தேன்.